ஓட்டம் எப்போது பிரிப்பைக் கெடுக்கிறது? மீமாறுநிலைப் பாய்ம வண்ணப்பிரிகையின் அறுபதாண்டு விவாதம்

மீமாறுநிலைப் பாய்ம வண்ணப்பிரிகையில் பாய்மத்தை எவ்வளவு வேகமாகச் செலுத்தலாம், எந்தக் கட்டத்தில் பிரிப்புத் திறன் குலைகிறது, அந்தக் குலைவுக்கு எது காரணம் என்ற கேள்விக்கு 1960-கள் முதல் பல விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. வேகமே காரணம் என்றது ஒரு தரப்பு. அழுத்த வீழ்ச்சி என்றது இன்னொன்று. குழாய்க்குள் உருவாகும் வெப்பநிலை வேறுபாடு என்பது பின்னர் வந்த விடை. கருவியின் இணைப்புக் குழல்களிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது என்போரும் உண்டு. ஒவ்வொரு விடையும் அதற்கு முந்தையது விளக்க முடியாத ஏதோ ஒன்றை விளக்கியது. தானும் ஓர் இடைவெளியை விட்டுச் சென்றது.

முறையின் அடிப்படை எளியது. நுண்துகள் நிரப்பிய பிரிகைக் குழாய் வழியே ஒரு பாய்மம் ஓடுகிறது. அதுவே நகரும் நிலைமை. துகள்களின் பரப்பு நிலையான நிலைமை. கலவையின் கூறுகள் இவ்விரண்டுக்கும் இடையே வெவ்வேறு அளவில் பங்கிடப்படுவதால் வெவ்வேறு நேரத்தில் வெளியேறி, பதிவுத்தாளில் தனித்தனி முகடுகளாகத் தெரிகின்றன. முகடு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குத் திறன் அதிகம். இத்திறனைத் தட்டு எண்ணிக்கையாலும், ஒரு தட்டுக்கு எவ்வளவு நீளம் செலவாகிறது என்ற தட்டு உயரத்தாலும் அளக்கிறார்கள்.

வாயு வண்ணப்பிரிகையில் ஓடும் வாயு அமுங்கும். ஆனால் அது கரைப்பானாக ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை. திரவ வண்ணப்பிரிகையில் திரவம் கரைக்கும். ஆனால் அமுங்குவது மிகக் குறைவு. மாறுநிலை வெப்பநிலைக்கும் மாறுநிலை அழுத்தத்துக்கும் மேலிருக்கும் மீமாறுநிலைப் பாய்மம் இரண்டையும் செய்கிறது. அதன் கரைக்கும் வலிமை அடர்த்தியைப் பொறுத்தது. அடர்த்தி அழுத்தத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. அவ்விரண்டையும் ஓட்டமே மாற்றுகிறது. ஓடுகிற செயலே கரைப்பானை வழியெங்கும் மாற்றிக்கொண்டு போகிறது என்பதுதான் இந்த விவாதம் முழுவதற்கும் வேர்.

செங்கல்பட்டுக் கடற்கரையில் இக்கேள்விக்கு உள்ள இடம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் உள்ள கல்பாக்கத்தில் 1971-இல் உலை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1985-இல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை அணுஉலை முதன்முறை தொடர்வினை நிலையை எட்டியது. அணு எரிபொருளை மறுசுழற்சி செய்யும் திட்டம் உள்ள இடத்தில் பிரிப்பு வேதியியல் துணைத்துறையாக இருக்க முடியாது. அதுவே மையத் துறைகளில் ஒன்று.

கல்பாக்கத்து வேதியியலாளர்கள் இரண்டு தனி வழிகளில் இக்கேள்வியின் அருகே வந்துள்ளனர். முதலாவது, உயர் அழுத்தத் திரவ வண்ணப்பிரிகை. எரிந்த எரிபொருளில் எத்தனை அணுக்கள் பிளவுபட்டன என்பதை அறிய லாந்தனம், நியோடிமியம் போன்ற லாந்தனைடுகளைப் பிரித்து அளக்க வேண்டும். சிறிய துகள் நிரப்பிய குட்டையான குழாய்களையும், ஒரே துண்டாக வார்த்த நுண்துளைக் குழாய்களையும் கொண்டு அப்பிரிப்பைச் சில நிமிடங்களில் முடிக்கும் முறைகள் அங்கே உருவாக்கப்பட்டன. கதிரியக்க மாதிரியைக் கையாளும்போது ஒவ்வொரு நிமிடச் சேமிப்பும் பணியாளர் பெறும் கதிர்வீச்சைக் குறைக்கிறது. வேகமான ஓட்டம் அங்கே வெறும் வசதிக்காகத் தேடப்படுவதில்லை.

இரண்டாவது, மீமாறுநிலைக் கார்பன் டைஆக்சைடு கொண்டு யுரேனியம், தோரியம், புளூட்டோனியம் போன்றவற்றைப் பிரித்தெடுக்கும் ஆய்வு. கார்பன் டைஆக்சைடு முனைவற்ற மூலக்கூறு. மின்சுமை கொண்ட உலோக அயனியை அது தானாகக் கரைப்பதில்லை. டிரைபியூட்டைல் பாஸ்பேட் போன்ற ஈனி அயனியைச் சூழ்ந்து மின்சுமையற்ற அணைவாக்கினால் கரைகிறது. 1990-களில் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் சியென் வாய் குழுவினர் முன்னெடுத்த இந்த வழியைக் கல்பாக்கத்திலும், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் விரிவாக ஆராய்ந்தனர். மாசுபட்ட திசுத்தாள் போன்ற திண்மக் கழிவிலிருந்து யுரேனியத்தை மீட்பது கல்பாக்கத்து ஆய்வுகளில் ஒன்று. வேலை முடிந்ததும் அழுத்தத்தைத் தளர்த்தினால் கரைப்பான் வாயுவாகப் பிரிந்துவிடும். கரிமக் கரைப்பான் கழிவு பெருகுவதில்லை. இதுவே இம்முறையின் மதிப்பு.

பிரித்தெடுப்பும் வண்ணப்பிரிகையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் ஓடுவது அதே பாய்மம். குளிரூட்டிய பம்பு, வெப்பநிலைக் கட்டுப்பாட்டு அறை, பின்னழுத்தச் சீராக்கி என்ற அதே வரிசை. பிரித்தெடுப்பில் ஓட்டம் மிகுந்தால் பாய்மம் பொருளை முழுதும் ஏற்றிக்கொள்ளுமுன்பே கடந்துவிடும். குறைந்தால் நேரம் நீளும். வண்ணப்பிரிகையில் கணக்கு இன்னும் நுட்பமானது. இதே மாவட்டத்தில் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை இருப்பதும் இக்கேள்விக்கு நடைமுறைப் பொருள் தருகிறது. மருந்து மூலக்கூறுகளின் வலம்-இடம் மாற்றியங்களைப் பிரிப்பதுதான் உலகெங்கும் இந்த முறையின் முதன்மைப் பயன்.

பாய்மத்தின் எண்கள்

கார்பன் டைஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸ். மாறுநிலை அழுத்தம் ஏறத்தாழ 74 பார். 40 டிகிரியில் அதன் அடர்த்தி எப்படி மாறுகிறது என்று பார்த்தால் சிக்கலின் உருவம் தெரியும். 80 பாரில் கனமீட்டருக்குச் சுமார் 278 கிலோகிராம். 100 பாரில் 629. 150 பாரில் 780. 200 பாரில் 840. முதல் 20 பார் உயர்வில் அடர்த்தி இரு மடங்குக்கு மேலாகிறது. கடைசி 50 பார் உயர்வில் எட்டு விழுக்காடுகூடக் கூடவில்லை.

வெப்பநிலையும் அப்படியே. 100 பாரில் 35 டிகிரியில் 713 ஆக இருக்கும் அடர்த்தி 45 டிகிரியில் 498 ஆகிறது. அதாவது அந்தப் பகுதியில் ஒரு டிகிரி மாறினால் அடர்த்தியில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் மாற்றம். 300 பாரில் அதே ஒரு டிகிரிக்கு மாற்றம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

பாகுநிலை நீரினதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கரைபொருள் மூலக்கூறுகள் விரவும் வேகம் சாதாரணத் திரவத்தைவிடப் பல மடங்கு அதிகம். இவ்விரண்டு பண்புகளும் வேகமான பிரிப்புக்கு இடம் தருகின்றன. அடர்த்தியின் நிலையின்மை அதற்குத் தடையாக நிற்கிறது.

முதல் விடை: வேகம்

1956-இல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஷெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வான் டீம்டர், சூய்டர்வெக், கிளிங்கன்பர்க் மூவரும் தட்டு உயரத்தை ஓட்ட வேகத்தோடு இணைக்கும் சமன்பாட்டை வெளியிட்டனர். அதில் மூன்று கூறுகள். துகள்களின் இடையே பாதைகள் நீளத்தில் வேறுபடுவதால் வரும் பரவல் ஒன்று. நீளவாட்டில் மூலக்கூறுகள் விரவுவதால் வரும் பரவல் இரண்டாவது. வேகம் கூடினால் இது குறையும். இரு நிலைமைகளுக்கிடையே மூலக்கூறு போய்வர நேரம் பிடிப்பதால் வரும் பரவல் மூன்றாவது. வேகம் கூடினால் இது கூடும். ஆகவே தட்டு உயரம் மிகக் குறைவாக இருக்கும் உகந்த வேகம் ஒன்று உண்டு.

1962-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளெஸ்பர், கார்வின், டர்னர் மூவரும் மாறுநிலைக்கு மேலிருந்த குளோரோபுளோரோகார்பன் பாய்மங்களில் நிக்கல் போர்பைரின்களைப் பிரித்துக் காட்டினர். அதே பத்தாண்டில் ஷெல் ஆய்வகத்தின் சீ, ரைண்டர்ஸ் இருவரும் கார்பன் டைஆக்சைடை ஆராய்ந்தனர். யூட்டாவில் கிட்டிங்ஸ் குழு 2000 வளிமண்டல அழுத்தம் வரை சென்றது. விரவல் வேகமானது என்பதால் உகந்த வேகம் திரவ வண்ணப்பிரிகையைவிடச் சில மடங்கு உயர்வாக இருக்கும் என்று வான் டீம்டர் நோக்கு கணித்தது. பரந்த அளவில் அக்கணிப்பு சரியாகவே வந்தது. இன்றும் இம்முறையின் வேகத்துக்குச் சொல்லப்படும் விளக்கம் அதுதான்.

ஆனால் இந்த நோக்கு குழாய் முழுவதும் வேகம், விரவல், பொருள் தங்கும் அளவாகிய தக்கவைப்பு ஆகிய ஒவ்வொன்றும் மாறாதிருப்பதாகக் கொள்கிறது. அமுங்கும் பாய்மத்தில் அவை இடத்துக்கு இடம் மாறுகின்றன. நுழைவாயிலில் அடர்த்தி அதிகம், வேகம் குறைவு; வெளிவாயிலில் தலைகீழ். உகந்த வேகம் என்று சொல்லப்படுவது குழாயின் எந்த இடத்து வேகம் என்ற கேள்விக்கு முதல் விடையில் பதில் இல்லை.

இரண்டாம் விடை: அழுத்த வீழ்ச்சி

1981-இல் நோவோட்னி, லீ குழுவினர் துகள் நிரப்பாத நுண்புழைக் குழாய்களில் மீமாறுநிலைப் பாய்மத்தை ஓட்டினர். அவற்றில் அழுத்த வீழ்ச்சி மிகச் சிறிது. குழாய் நெடுகிலும் அடர்த்தி ஏறக்குறைய ஒரே அளவு. அடுத்த ஆண்டு ஹியூலெட்-பேக்கார்டைச் சேர்ந்த கியர், போர்டு, மக்மானிகில் மூவரும் 3, 5, 10 மைக்ரோமீட்டர் துகள் நிரப்பிய குழாய்களைத் திரவ வண்ணப்பிரிகைக் கருவியை மாற்றியமைத்துப் பயன்படுத்தினர். நுண்புழையா, நிரப்பிய குழாயா என்ற விவாதம் அந்தப் பத்தாண்டு முழுவதும் நீடித்தது.

நுண்புழை தரப்பின் வலுவான வாதம் அழுத்த வீழ்ச்சியே. அழுத்தம் இறங்க இறங்க அடர்த்தி குறைகிறது; கரைக்கும் வலிமை தளர்கிறது; பொருள் குழாயின் பிற்பகுதியில் அளவுக்கு மீறித் தங்குகிறது; திறன் சரிகிறது. 1987-இல் சுன்மேக்கர்ஸ், உங்க் இருவரும் நிரப்பிய குழாய்களில் அழுத்த வீழ்ச்சியின் விளைவை ஆராய்ந்தனர். வீழ்ச்சி ஏறத்தாழ 20 பாரைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு அதன்பின் பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. அதை அப்படியே ஏற்றால் நீண்ட குழாயும் கிடையாது, நுண்ணிய துகளும் கிடையாது. இந்த முறை குட்டைக் குழாயோடு நின்றுவிடும்.

இவ்விடைக்கு எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. 1990-இல் போ, மார்டைர் இருவரும் அமுங்கும் பாய்மத்துக்கான பொதுத் தட்டு உயரக் கோட்பாட்டை வகுத்தனர். குழாய் நெடுகிலும் மாறும் மதிப்புகளை முறையாகச் சராசரியாக்க அது வழி காட்டியது. 1993-இல் பெர்கர், வில்சன் இருவரும் 5 மைக்ரோமீட்டர் துகள் கொண்ட 20 சென்டிமீட்டர்க் குழாய்களைத் தொடராக இணைத்து, இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட மொத்த நீளத்தில் 2,20,000 தட்டுகளைப் பெற்றனர். அழுத்த வீழ்ச்சி 20 பாரைப் பல மடங்கு தாண்டியிருந்தும் திறன் சரியவில்லை. மூன்றாண்டு கழித்து பிரான்சில் புயிஷோன், தியெபோ, கோட் மூவரும் நீண்ட நிரப்பிய குழாய்களில் அழுத்த வீழ்ச்சியின் பங்கை மீண்டும் ஆராய்ந்தனர்.

எனினும் இரண்டாம் விடையை வெறும் பிழை என்று ஒதுக்குவது நியாயமாகாது. மாறுநிலைக்கு அருகே, தாழ்ந்த வெளியேற்று அழுத்தத்தில், திறன் சரிவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். கவனிப்பு உண்மை, அதற்குச் சொல்லப்பட்ட காரணமே போதவில்லை. ஒரே அளவு அழுத்த வீழ்ச்சி ஓரிடத்தில் கேடு செய்து, வேறிடத்தில் செய்யாமல் விடுவது ஏன்?

மூன்றாம் விடை: குழாய்க்குள் குளிர்ச்சி

இக்கேள்விக்கு 2009-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தைச் சேர்ந்த போ, ஷ்ரோடன் இருவரின் ஆய்வு திருப்புமுனையான விடை தந்தது. அழுத்த வீழ்ச்சி, துகள் அளவு, வெப்பச் சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்த்த அவர்கள், தாழ்ந்த அழுத்தத்தில் வரும் திறனிழப்புக்கு ஆரத் திசையிலான வெப்பநிலை வேறுபாட்டைக் காரணமாகக் காட்டினர். தொடர்ந்து போலந்தின் காச்மார்ஸ்கி, டென்னசியின் கியோஷோன் ஆகியோர் போவுடன் சேர்ந்து முகடுகளின் வடிவத்தையே கணிப்பொறியில் கணித்துக் காட்டினர்.

விளக்கம் இதுதான். நிரப்பிய குழாயில் ஓடும் பாய்மத்தில் இரண்டு வெப்ப விளைவுகள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. உராய்வு சூடேற்றுகிறது, அழுத்தம் இறங்கிப் பாய்மம் விரிவது குளிர்விக்கிறது. எது வெல்லும் என்பதை வெப்ப விரிவுக் கெழுவையும் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கி வரும் எண் தீர்மானிக்கிறது. அது 1-க்குக் கீழே இருந்தால் சூடு. மேலே இருந்தால் குளிர்ச்சி. 40 டிகிரி நீருக்கு அந்த எண் சுமார் 0.1. ஆகவேதான் அதிவேகத் திரவ வண்ணப்பிரிகையில் குழாய் சூடேறுகிறது. அதே 40 டிகிரியில், 100 பாரிலுள்ள கார்பன் டைஆக்சைடுக்கு அது 10-ஐ ஒட்டி நிற்கிறது. 300 பாரில் ஏறத்தாழ 1.4.

100 பாரை ஒட்டிய பகுதியில், வெளியிலிருந்து வெப்பம் புகாவிட்டால், ஒவ்வொரு பார் இறக்கத்துக்கும் பாய்மம் ஏறத்தாழ கால் டிகிரி குளிரும் என்று கணக்கிடலாம். 300 பாரில் அதே இறக்கத்துக்கு ஒரு டிகிரியில் நூறில் இரண்டு பங்கு அளவே. தாழ்ந்த அழுத்தத்தில் 20 பார் கேடு செய்வதும், உயர்ந்த அழுத்தத்தில் 100 பார்கூடப் பெரிதும் தொல்லை தராததும் இதனால் விளங்குகிறது.

குளிர்ச்சி மட்டும் முகட்டை விரிப்பதில்லை. வெப்பநிலை அறை குழாயின் சுவரை 40 டிகிரியிலேயே பிடித்து வைத்திருக்கிறது; உள்ளே மையம் குளிர்கிறது. சுவருக்கும் மையத்துக்கும் ஒரு டிகிரி வேறுபாடு வந்தாலே, மேற்கண்ட எண்களின்படி, அடர்த்தியில் மூன்று விழுக்காட்டு வேறுபாடு. மையத்தில் பாகுநிலை கூடி ஓட்டம் மந்தமாகிறது. அதே சமயம் கரைக்கும் வலிமை கூடித் தக்கவைப்பு குறைகிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கலாம். முழுதாக ஈடுகட்டுவது அரிது. ஒரே பொருளின் மூலக்கூறுகள் மையத்தில் ஒரு வேகத்திலும் சுவரோரம் வேறு வேகத்திலும் நகர, முகடு அகன்று உருக்குலைகிறது.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு வந்தது. குழாயைச் சுற்றி நல்ல வெப்பக் காப்பு போட்டால் பாய்மம் நீளவாட்டில் குளிர்ந்துகொண்டே போகும். ஆனால் சுவர் வழியே வெப்பம் புகாததால் குறுக்குவாட்டில் வேறுபாடு எழாது. திறன் பெருமளவு மீள்கிறது. காற்றை வேகமாகச் சுழற்றிக் குழாயின் வெப்பநிலையைக் கறாராகப் பிடிக்கும் அறையில் நிலைமை மோசமாகிறது. அசைவற்ற காற்றில் மேம்படுகிறது. வெப்பநிலையை இறுகப் பிடித்தால் பிரிப்பு சீராகும் என்ற நெடுநாள் நம்பிக்கை இந்தப் பகுதிக்குப் பொருந்தவில்லை.

மூன்றாம் விடையின் குறை அதன் எல்லையில் இருக்கிறது. கோட்பாட்டின் வலுவான சோதனைகள் பெரும்பாலும் தூய கார்பன் டைஆக்சைடில், மாறுநிலைக்கு அருகே நடந்தவை. அன்றாட ஆய்வகங்களோ மெத்தனால் கலந்த பாய்மத்தை 120 பாருக்கு மேல் ஓட்டுகின்றன. அங்கே குளிர்ச்சி மிகச் சிறிது. எனவே இந்த விளைவு உண்மைதான், ஆனால் நடைமுறையில் அதன் பங்கு குறைவு என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அந்த வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

நான்காம் விடை: அளக்க வேண்டியது அடர்த்தியும் நிறையும்

கியோஷோனோடு பணியாற்றிய தாராஃப்தர் 2010-களின் தொடக்கத்தில் வேறொரு கோணத்தை முன்வைத்தார். அழுத்தம்-வெப்பநிலைத் தளத்தில் சம அடர்த்திக் கோடுகளை வரைந்து, ஒரு குழாயின் நுழைவாயில் நிலையையும் வெளிவாயில் நிலையையும் அதன்மேல் குறித்தால், அந்த ஓட்டம் எத்தனை கோடுகளைக் கடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கோடுகள் நெருங்கிக் கிடக்கும் பகுதியை ஒதுக்கிவிட்டால் பெரும்பாலான தொல்லைகளைத் தவிர்க்கலாம். ஒரு கருவியில் உருவாக்கிய முறையை இன்னொன்றுக்கு மாற்றும்போதும் சராசரி அடர்த்தியைப் பேணுவதே வழி என்று இந்த நோக்கு சொல்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் ஓட்ட வீதத்தைக் குறிக்கும் முறை. பம்பில் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால், அது குளிர்ந்த பம்புத் தலையில் உள்ள அடர்த்தியான திரவத்தின் கனஅளவு. அங்கே அடர்த்தி 900-க்கு மேல். 40 டிகிரி, 100 பாரில் குழாய்க்குள் 629. அதே நிறை குழாய்க்குள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனஅளவில் ஓடுகிறது. 80 பாரில் என்றால் மூன்று மடங்குக்கு மேல். கருவியின் திரையில் தெரியும் எண்ணும் குழாய்க்குள் நிகழும் ஓட்டமும் வேறு வேறு. கோரியோலிஸ் வகை அளவியால் நிறை ஓட்டத்தை நேரடியாக அளந்த ஆய்வுகள், பம்பு காட்டும் எண்ணை அப்படியே நம்பிச் செய்யும் கணக்குகள் எவ்வளவு பிறழக்கூடும் என்பதைக் காட்டின.

கல்பாக்கம் போன்ற இடத்தில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. கார்பன் டைஆக்சைடு சிலிண்டரில் 20 டிகிரியில் அழுத்தம் 57 பார். 30 டிகிரியில் 72 பார். இக்கடற்கரையில் கோடைப் பகலில் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நிழலில், குளிரூட்டாத அறையில் நிற்கும் சிலிண்டருக்குள்ளும் அப்போது திரவம் என்று தனியே எதுவும் இராது; உள்ளிருப்பதே மீமாறுநிலைப் பாய்மம். அடிவரை இறங்கும் குழல் வழியே திரவத்தை எடுத்துப் பம்புக்கு அனுப்புவது என்ற ஏற்பாடே அடிப்படை இழக்கிறது. பம்புத் தலையை 5 டிகிரியை ஒட்டிக் குளிர்விப்பது குளிர்நாட்டில் ஒரு முன்னெச்சரிக்கை. வங்கக் கடலோரக் கோடையில் அது இல்லாமல் நிலையான ஓட்டமே கிடையாது. சிலிண்டர் அறையின் வெப்பநிலை, பம்புக்கு முந்தைய குளிர்விப்பான் ஆகியவை இங்கே பிரிப்பு முறையின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும்.

குழாய்க்கு வெளியே நடப்பது

2012-இல் வாட்டர்ஸ் நிறுவனம் இரண்டு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களுக்கென வடிவமைத்த கருவியை வெளியிட்டது; ஏனைய நிறுவனங்களும் அத்திசையில் நகர்ந்தன. துகள் 5 மைக்ரோமீட்டரிலிருந்து 1.7-க்கு இறங்கினால், அதே வேகத்தில் அழுத்த வீழ்ச்சி எட்டரை மடங்குக்கு மேல் கூடும். முகடு ஒடுங்கியதும், அதுவரை கண்ணில் படாமலிருந்த சிறு பரவல்கள் பெரிதாகத் தெரிந்தன. மாதிரியைச் செலுத்தும் இடம், இணைப்புக் குழல், கண்டறிவானின் கலம் எல்லாம் கணக்கில் வந்தன.

இணைப்புக் குழலில் ஓட்டத்தின் தன்மையே வேறு. நிரப்பிய குழாயில் துகளை அளவாகக் கொண்ட ரெனால்ட்ஸ் எண் பொதுவாக 1-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும்; ஓட்டம் வரிச்சீரானது. 0.12 மில்லிமீட்டர் உள்விட்ட இணைப்புக் குழலில் நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் கார்பன் டைஆக்சைடு ஓடினால் எண் ஏறத்தாழ 6000-ஐ எட்டுகிறது. வரிச்சீர் ஓட்டம் குலையத் தொடங்கும் 2000-ஐ அது வெகுவாகத் தாண்டிவிட்டது. அதே குழலில், அதே வீதத்தில் நீர் ஓடினால் எண் 1000-ஐயே தொடாது. குறைந்த பாகுநிலைதான் இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது.

இப்படி வரிச்சீர் குலைந்த கொந்தளிப்பு ஓட்டம் முழுதும் கேடல்ல. அது குறுக்குவாட்டில் பாய்மத்தைக் கலக்குவதால் குழலில் முகடு பரவுவதைக் குறைக்கக்கூடும். ஆனால் அழுத்த வீழ்ச்சியைக் கூட்டுகிறது. வேகம் இரட்டித்தால் வீழ்ச்சி மூன்று மடங்குக்கு மேல் போகும். அந்தக் கூடுதல் வீழ்ச்சியைக் குழாயினுடையது என்று எண்ணிக் கணக்கிட்டால், குழாயின் சராசரி அடர்த்தி பற்றிய முடிவுகளெல்லாம் சாய்ந்துவிடும். பழைய ஆய்வுகளின் எண்களை இன்று ஒப்பிடும்போது இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று பார்ப்பது அவசியம்.

மெத்தனால் கொண்டுவரும் புதிர்

முனைவுள்ள மருந்து மூலக்கூறுகளைக் கரைக்கத் தூய கார்பன் டைஆக்சைடு போதாது. 5 முதல் 40 விழுக்காடு வரை மெத்தனால் கலக்கிறார்கள். கலவையின் மாறுநிலை வெப்பநிலை உயர்வதால், 40 டிகிரியில் ஓடும் பாய்மம் பல நேரங்களில் உண்மையில் மாறுநிலைக்குக் கீழுள்ள திரவமே. பண்புகள் தொடர்ச்சியாக மாறுவதால் பிரிப்புக்கு இதனால் இடையூறு இல்லை. கலவை இரண்டு நிலைமைகளாகப் பிரியாதிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 40 டிகிரியில் வெளியேற்று அழுத்தம் 100 பாருக்கு மேல் இருந்தால் அந்த நிபந்தனை நிறைவேறுகிறது.

மெத்தனால் கூடக்கூடப் பாய்மம் அமுங்குவது குறைகிறது, குளிர்ச்சி குறைகிறது, பாகுநிலை கூடுகிறது, விரவல் மந்தமாகிறது. ஓட்டச் சிக்கல் மெல்ல மெல்லத் திரவ வண்ணப்பிரிகையின் சிக்கலாக மாறுகிறது. அதோடு மெத்தனால் துகள் பரப்பில் படிந்து நிலையான நிலைமையையும் மாற்றுகிறது. அந்தப் படிவின் அளவு அழுத்தத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. ஓட்டத்தின் விளைவு எது, படிவின் விளைவு எது என்று பிரித்தறிவது இங்கே கடினம். தூய கார்பன் டைஆக்சைடின் பண்புகளுக்கு மிகத் துல்லியமான நிலைச் சமன்பாடு உண்டு. கலவைகளுக்குக் கிடைக்கும் சமன்பாடுகளில் அந்தத் துல்லியம் இல்லை. கணிப்புகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மதிப்பீடு

அறுபதாண்டு விவாதத்தில் சில முடிவுகள் ஓரளவு உறுதியாகிவிட்டன. அழுத்த வீழ்ச்சியின் அளவு மட்டும் திறனைத் தீர்மானிப்பதில்லை. அது எந்த அழுத்தப் பகுதியில் நிகழ்கிறது என்பதே முதன்மையானது. தாழ்ந்த அடர்த்தியில் வரும் பெருந்திறனிழப்புக்கு ஆரத்திசை வெப்பநிலை வேறுபாடு முதன்மைக் காரணம் என்பதற்கு வலுவான சான்றும் கோட்பாடும் உள்ளன. உயர்ந்த அழுத்தத்திலும் மெத்தனால் கலந்த ஓட்டத்திலும் வான் டீம்டரின் பழைய படம் பெருமளவு போதுமானது. நான்கு விடைகளும் வெவ்வேறு நிலப்பகுதிகளைப் பற்றிப் பேசியவை என்று கொள்வதே பொருத்தம்; ஒன்று மற்றொன்றை முழுதும் நீக்கிவிடவில்லை.

தீராதவையும் உண்டு. கலவைப் பாய்மங்களின் அடர்த்தி, பாகுநிலை, விரவல் ஆகியவற்றுக்கு நம்பத்தக்க அளவீடுகள் இன்னும் தேவை. இரண்டு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள் குழாய்களுக்கு எந்த வெப்பச் சூழல் உகந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பகுப்பாய்வு அளவிலிருந்து பல சென்டிமீட்டர் விட்டமுள்ள தயாரிப்புக் குழாய்க்கு முறையை மாற்றும்போது, வெப்பம் சுவரிலிருந்து மையத்தை எட்ட நெடுநேரம் ஆவதால், சிறிய குழாயில் கற்ற விதிகள் எவ்வளவு பொருந்தும் என்பதும் திறந்த கேள்வியே.

இவற்றுக்கு விடை தேடும் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவையாக இருக்க, சில விவரங்களைத் தவறாமல் தர வேண்டும்: நிறை ஓட்ட வீதம், குழாயின் இரு முனைகளிலும் உள்ள அழுத்தம், குழாயைச் சூழ்ந்த வெப்ப ஏற்பாடு, இணைப்புக் குழல்களின் விட்டமும் நீளமும். பம்பில் வைத்த மில்லிலிட்டரும் அறையின் வெப்பநிலையும் மட்டும் குறிக்கப்பட்ட முடிவை இன்னோர் ஆய்வகம் மீட்டுச் செய்வது கடினம். சூழல் வெப்பநிலை ஆண்டின் பல மாதங்கள் மாறுநிலை வெப்பநிலையைச் சுற்றியே நிற்கும் செங்கல்பட்டுக் கடற்கரை போன்ற இடங்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் அவசியம். மீமாறுநிலைப் பிரித்தெடுப்பில் நீண்ட பயிற்சி பெற்ற ஆய்வு மையமும், தூய்மையான மாற்றியங்கள் தேவைப்படும் மருந்துத் தொழிலும் ஒரே மாவட்டத்தில் இருப்பதால், வெப்பமண்டலச் சூழலில் இப்பாய்மத்தின் ஓட்டம் பற்றிய முறையான அளவீடுகள் இங்கிருந்து வருவதற்கு வாய்ப்பு உண்டு. அத்தகைய அளவீடுகள் விவாதத்தின் தீராத பகுதிகளுக்கு நேரடியாகப் பயன்படும்.